தலைப்பிரசவமா? தையலைக் குறைக்கத் தினமும் கொஞ்ச நேரம்!

"அக்கா, உண்மையைச் சொல்லு... தையல் ரொம்ப வலிக்குமா?"

ஐந்து மாதக் கர்ப்பிணியான தங்கை இப்படிக் கேட்டதும், மடியில் நாலு மாசக் குழந்தையை வைத்துக்கொண்டிருந்த அக்கா சிரித்துச் சமாளிக்கத்தான் பார்த்தாள். முடியவில்லை. கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்துவிட்டது.

திருச்சியில் உள்ள ஒரு நடுத்தரக் குடும்பம் அது. அக்காவுக்கு பாங்கில் வேலை. குழந்தை பிறந்த பிறகு அவள் ஒரு கல்யாணத்துக்கோ காதுகுத்துக்கோ போகவில்லை. 'கூட்டம்னா குழந்தை அழறான்' என்று ஏதாவது காரணம் சொல்லி வந்தாள். உண்மைக் காரணம் வேறு. தும்மினால், இருமினால், கொஞ்சம் பலமாகச் சிரித்தால் சிறுநீர் கசிகிறது. வாயுவை அடக்க முடியவில்லை. நாலு பேர் நடுவில் மானம் போய்விடுமோ என்று பயம். மாமியாரிடம் சொல்லவில்லை. கணவரிடமும் சொல்லவில்லை. பெற்ற அம்மாவிடம் ஜாடையாகச் சொல்லிப் பார்த்தாள். "பிள்ளை பெத்தா அப்படித்தாண்டி இருக்கும். நாளாக நாளாகச் சரியாயிடும்" என்று அம்மா ஒரே வரியில் முடித்துவிட்டார்.

அன்றைக்குத்தான் தங்கையிடம் வாய்விட்டுச் சொன்னாள். "குழந்தை நாலு கிலோவுக்குக் கிட்ட. கடைசியில ஆயுதம் போட்டுத்தான் எடுத்தாங்க. தையல் போட்டது தெரியும். எங்கே, எவ்வளவு தூரம், ஏன்னு யாரும் சொல்லலை. நானும் கேக்கலை. நீயாவது கேளு. முன்கூட்டியே நாம ஏதாவது செய்ய முடியுமான்னு கேளு!"

செய்ய முடியும். கிழிசலே வராது என்று எந்த டாக்டரும் எழுதிக் கொடுக்க மாட்டார். ஆனால், பெரிய காயம் ஏற்படும் ஆபத்தைக் குறைக்கவும், பிறகு அக்கா படும் அவஸ்தையைத் தவிர்க்கவும், கர்ப்ப காலத்திலேயே வீட்டில் இருந்தபடி செய்யக்கூடிய சில காரியங்கள் உண்டு. பைசா செலவில்லை. தினமும் கொஞ்ச நேரம் ஒதுக்கினால் போதும்.

தூளி மாதிரி ஒரு தசை

நம் இடுப்பெலும்பின் அடிப்பக்கம் திறந்த பாத்திரம் மாதிரி ஓட்டையாக இருக்கிறது. அந்த இடத்தில் முன்பக்க எலும்பிலிருந்து பின்னால் வால் எலும்பு வரை, தூளி கட்டியது போலத் தசைகள் விரிந்திருக்கின்றன. சிறுநீர்ப்பை, கர்ப்பப்பை, மலக்குடல் மூன்றையும் தாங்கிக்கொண்டிருப்பது இந்தத் தூளிதான். சிறுநீரை, மலத்தை, வாயுவை 'இப்போ வேண்டாம், அப்புறம்' என்று நிறுத்தி வைப்பதும் இதுவே.

சாதாரண நாளில் 70 கிராம் அளவுக்கு இருக்கும் கர்ப்பப்பை, நிறைமாதத்தில் ஒரு கிலோவைத் தாண்டிவிடும். அதோடு 3 கிலோ குழந்தை, அரைக் கிலோ நஞ்சுக்கொடி, பனிக்குட நீர்... எல்லாம் சேர்த்து 5 கிலோ சுமை. மாசக்கணக்கில் அத்தனையையும் தாங்குகிறது இந்தத் தசை. பிரசவ நேரத்திலோ குழந்தையின் தலை வெளியே வருவதற்காக, அதன் சில பகுதிகள் சுமார் மூன்று மடங்கு நீளத்துக்கு இழுபட வேண்டியிருக்கும்.

முதல் பிரசவத்தில் இந்த இடம் இதற்கு முன் ஒருமுறைகூட இப்படி விரிந்ததில்லை. அதனால்தான் தலைப்பிரசவத்தில் கிழிசல் அதிகம். பிரிட்டனின் மகப்பேறு மருத்துவர் சங்கம் தரும் கணக்குப்படி, சுகப்பிரசவமாகும் தலைச்சன் தாய்மார்கள் 10 பேரில் 9 பேர் வரை சின்னதாகவோ பெரிதாகவோ ஒரு காயத்தைச் சந்திக்கிறார்கள். ஆகவே, சின்னக் கிழிசலைப் பார்த்து யாரும் பயப்பட வேண்டியதில்லை. பயப்பட வேண்டியது வேறு வகைக்கு.

கிழிசலில் நாலு வகை

முதல் வகையில் தோல் மட்டும் லேசாகக் கிழியும். பெரும்பாலும் தையல்கூட வேண்டாம், தானே ஆறிவிடும்.

இரண்டாம் வகையில், பெண்ணுறுப்புக்கும் ஆசனவாய்க்கும் நடுவில் உள்ள பகுதியின் தசையும் கிழியும. இந்தப் பகுதியைத்தான் டாக்டர்கள் 'பெரினியம்' என்கிறார்கள். இதற்குத் தையல் போடுவார்கள். சில வாரங்களில் ஆறிவிடும்.

மூன்றாம் வகையில், ஆசனவாயை மூடி வைத்திருக்கும் வளையத் தசை வரை கிழிசல் போய்விடும்.

நாலாம் வகையில், மலக்குடலின் உள் சவ்வு வரை போய்விடும்.

கடைசி இரண்டும்தான் சிக்கலானவை. வாயுவையும் மலத்தையும் அடக்க முடியாமல் போவது பெரும்பாலும் இவற்றால்தான். அதே பிரிட்டன் கணக்கில், முதல் சுகப்பிரசவத்தில் 100 பேரில் சுமார் 6 பேருக்கு இவை ஏற்படுகின்றன. ஏற்கெனவே சுகப்பிரசவம் ஆனவர்களில் 100-க்கு இரண்டு பேருக்கும் குறைவு.

குழந்தையின் எடை 4 கிலோவைத் தாண்டினால், ஃபோர்செப்ஸ் என்ற ஆயுதம் போட்டு எடுத்தால், குழந்தை மேல்நோக்கிப் பார்த்தபடி வந்தால், முக்கும் கட்டம் ரொம்ப நேரம் நீண்டால், தோள் சிக்கிக்கொண்டால் ஆபத்து கூடுகிறது. அங்கே வாழும் நம்மைப் போன்ற தெற்காசியப் பெண்களுக்கு இது கொஞ்சம் அதிகமாக இருப்பதையும் கவனித்திருக்கிறார்கள்.

நடைக்கும் தையலுக்கும் என்ன சம்பந்தம்?

'நான் நடப்பது காலால். கிழிவது வேறெங்கோ. இரண்டுக்கும் என்ன தொடர்பு?' என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான்.

நடந்தால் தோல் கிழியாது என்று நேரடியாகச் சொல்ல முடியாது. நடையின் உதவி சுற்றி வளைத்து வருகிறது. ஒழுங்காக உடற்பயிற்சி செய்யும் கர்ப்பிணிகளுக்குக் கர்ப்பகால சர்க்கரை நோய் வருவது குறைகிறது. எடையும் அளவோடு ஏறுகிறது. தாய்க்குச் சர்க்கரை ஏறினால் அது குழந்தைக்கும் போய்ச் சேர்ந்து குழந்தை பெருத்துவிடும். சர்க்கரை கட்டுக்குள் இருந்தால் 4 கிலோ, நாலரைக் கிலோ என்று குழந்தை ஊதிப்போகும் வாய்ப்பு குறைவு. ஆயுதம் போட்டு எடுக்க வேண்டிய நிலைமையும், பயிற்சி செய்த பெண்களுக்குக் குறைவாகவே வந்திருக்கிறது. பெரிய குழந்தை, ஆயுதம்... இந்த இரண்டு காரணங்களும் குறைந்தால் பெரிய கிழிசலின் ஆபத்தும் தானே குறையும்!

அதனால், டாக்டர் 75 கிராம் குளுக்கோஸைக் கரைத்துக் குடிக்கச் சொல்லி, 2 மணி நேரம் கழித்து ரத்தம் எடுக்கும் டெஸ்ட்டைத் தட்டிக் கழிக்காதீர்கள். அதில் அளவு 140-ஐத் தொட்டால் கர்ப்பகால சர்க்கரை என்று பொருள். 'எனக்குத்தான் பரம்பரையில சர்க்கரையே இல்லையே' என்பதெல்லாம் இங்கே செல்லாது.

வளைகாப்போடு நின்றுபோகும் வாக்கிங்

நம் வீடுகளில் ஒரு வேடிக்கை உண்டு. ஏழாம் மாதம் வரை பஸ்ஸில் தொங்கி ஆபீஸ் போய்வரும் பெண், வளைகாப்பு முடிந்து அம்மா வீட்டுக்கு வந்ததும் கட்டிலை விட்டு இறங்க மாட்டாள். இறங்க விடமாட்டார்கள்! "வாயும் வயிறுமா இருக்கா, பாவம். ரெஸ்ட் எடுக்கட்டும்" என்று நெய் மணக்க மணக்கச் சாப்பாடு. பயிற்சி அவசியமான கடைசி மூன்று மாதத்தில்தான் நம்மவர்களுக்கு அது முழுசாக நின்றுபோகிறது.

உலக சுகாதார நிறுவனம் 2020-ல் வெளியிட்ட வழிகாட்டுதல், சிக்கல் இல்லாத கர்ப்பிணிகள் வாரத்துக்கு 150 நிமிடமாவது மிதமான உடற்பயிற்சி செய்ய வேண்டும் என்கிறது. தினம் 30 நிமிடம் வீதம் வாரத்துக்கு 5 நாள். அவ்வளவுதான்! இதற்கு முன் பழக்கமே இல்லை என்றால் தினம் 10 நிமிடத்தில் தொடங்கி மெதுவாகக் கூட்டுங்கள்.

'அப்போ நான் வீட்டைப் பெருக்கித் துடைக்கிறேனே, அது போதாதா?' வீட்டு வேலையும் உடல் அசைவுதான், தவறில்லை. ஆனால், தண்ணீர் கேனை மூச்சைப் பிடித்துக்கொண்டு தூக்குவது பயிற்சியாகாது. மூச்சைப் பிடித்து முக்கும் ஒவ்வொரு முறையும் அழுத்தம் நேராகக் கீழே உள்ள தூளியில்தான் இறங்குகிறது. கனத்தை வேறு யாராவது தூக்கட்டும். கட்டாயம் தூக்க வேண்டி வந்தால், மூச்சை வெளியே விட்டபடி தூக்குங்கள்.

வீட்டிலேயே 5 பயிற்சிகள்

முதலில் டாக்டரிடம் 'நான் செய்யலாமா' என்று கேட்டுவிட்டு ஆரம்பியுங்கள். சாப்பிட்டு ஒரு மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும்.

1. நடை: காலையில் வெயில் ஏறுவதற்கு முன், அல்லது மாலையில். மொட்டை மாடி, தெரு, கோயில் பிராகாரம் எதுவானாலும் சரி, தரை சமமாக இருக்கட்டும். வழுக்கும் ரப்பர் செருப்பு வேண்டாம். வேகம் எவ்வளவு? நடந்துகொண்டே கூட வருபவரிடம் பேச முடிய வேண்டும். ஆனால் பாட்டுப் பாட முடியக் கூடாது. இதுதான் கணக்கு. பேசவே மூச்சு வாங்கினால் வேகத்தைக் குறையுங்கள். கையில் தண்ணீர் பாட்டில் அவசியம்.

2. தூளித் தசைப் பயிற்சி: இதுதான் முக்கியமானது. அமெரிக்க டாக்டர் ஆர்னால்ட் கெகல் என்பவர் 1948-ல் இதைப் பற்றி எழுதியதால் 'கெகல் பயிற்சி' என்றே பெயர். நாலு பேர் நடுவில் வாயு பிரியப் பார்க்கும்போது அதை எப்படி அடக்குவீர்கள்? அப்போது ஆசனவாயும், அதற்கு முன்னால் உள்ள பகுதியும் உள்ளே, மேலே இழுபடும் அல்லவா? அந்தத் தசைதான். வயிறு, தொடை, புட்டம் எதையும் இறுக்காமல் அதை மட்டும் மெதுவாக உள்ளிழுத்து, 5 எண்ணும் வரை பிடியுங்கள். மூச்சை அடக்காதீர்கள். பிறகு முழுசாகத் தளர்த்தி 5 எண்ணுங்கள். இப்படி 8 முதல் 10 தடவை. பழகிய பிறகு 10 எண்ணும் வரை பிடிக்கலாம். அடுத்து, சட்டென்று இழுத்துச் சட்டென்று விடுவது 10 தடவை. காலை, மதியம், இரவு என மூன்று வேளை செய்யுங்கள். பஸ்ஸில் உட்கார்ந்தபடியே செய்யலாம், பக்கத்து சீட்டுக்காரருக்குக்கூடத் தெரியாது!

ஒன்றைக் கவனியுங்கள். சிறுநீர் போகும்போது நடுவில் நிறுத்தி நிறுத்திப் பழகுவது சரியான முறையல்ல. சிறுநீர்ப்பை முழுசாகக் காலியாகாமல் போய்விடும்.

இன்னொன்று: இறுக்குவதைப் போலவே தளர்த்துவதும் பயிற்சிதான். பிரசவ நேரத்தில் இந்தத் தசை விட்டுக்கொடுக்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் 'முழுசாக விட்டுவிட்டேனா' என்று கவனித்துப் பழகுங்கள்.

3. பூனை போல: பாயில் இரண்டு கையும் முழங்காலும் ஊன்றி நில்லுங்கள். மூச்சை வெளியே விட்டபடி முதுகை மேலே வளைத்துத் தலையைத் தாழ்த்துங்கள். மூச்சை இழுத்தபடி முதுகைச் சமநிலைக்குக் கொண்டுவாருங்கள். வயிறு ரொம்பத் தொங்கும்படி முதுகைக் கீழே விட வேண்டாம். 10 தடவை. முதுகுவலிக்கு நல்ல நிவாரணம்.

4. பட்டாம்பூச்சி: சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, இரண்டு பாதங்களையும் ஒன்றோடொன்று சேர்த்து, முழங்கால்களைப் பக்கவாட்டில் தாழ விடுங்கள். யோகாவில் பத்த கோணாசனம் என்பது இதுதான். கையால் முழங்காலை அழுத்தக் கூடாது. இரண்டு, மூன்று நிமிடம் போதும்.

5. பாதிக் குந்தல்: உறுதியான ஜன்னல் கம்பியையோ கனமான மேஜையையோ பிடித்துக்கொண்டு, கால்களைத் தோள் அகலத்துக்கு வைத்து, நாற்காலியில் உட்காரப் போவது போலப் பாதிவரை இறங்கி எழுந்திருங்கள். எழும்போது மூச்சை வெளியே விடுங்கள். 8 முதல் 10 தடவை. 'நூறு தோப்புக்கரணம் போட்டா சுகப்பிரசவம்' என்று யாராவது சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள், செய்ய வேண்டாம்!

நாலாவது, ஐந்தாவது பயிற்சிகளின்போது அடிவயிற்று எலும்பில் சுருக்கென்று வலித்தால் அவற்றை நிறுத்திவிட்டு டாக்டரிடம் சொல்லுங்கள். ஐந்தாம் மாதத்துக்குப் பிறகு மல்லாந்து படுத்துச் செய்யும் பயிற்சிகள் வேண்டாம். கர்ப்பப்பை பெரிய ரத்தக் குழாயை அழுத்தித் தலைசுற்றல் வரலாம்.

யாருக்கு வேண்டாம்?

நஞ்சுக்கொடி கீழே இறங்கிக் கர்ப்பவாயை மூடியிருப்பவர்கள், ரத்தப்போக்கு உள்ளவர்கள், கர்ப்பவாய் பலவீனமாகி அங்கே தையல் போட்டிருப்பவர்கள், கர்ப்பகால ரத்தக்கொதிப்பு முற்றியவர்கள், பனிக்குடம் உடைந்தவர்கள், சிலவகை இதய, நுரையீரல் நோய் உள்ளவர்கள், குறைமாதப் பிரசவ அறிகுறி உள்ளவர்கள்... இவர்களெல்லாம் நடைப்பயிற்சி, குந்தல் என்று எதையும் டாக்டர் உத்தரவில்லாமல் தொடவே கூடாது. இரட்டைக் குழந்தை என்றாலும் கேட்டுவிட்டுத்தான் ஆரம்பிக்க வேண்டும்.

ரத்தசோகை பற்றித் தனியே சொல்ல வேண்டும். 2019-21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பில், இந்தியக் கர்ப்பிணிகளில் 52 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருந்தது. ஹீமோகுளோபின் 7-க்குக் கீழே இருந்தால் பயிற்சிக்கு முன்னால் வைத்தியம்தான் முக்கியம். இரும்புச்சத்து மாத்திரையை அலமாரியில் வைத்துவிட்டு வாக்கிங் போவதில் அர்த்தமில்லை.

பயிற்சியின் நடுவில் ரத்தக் கசிவு, நீர்க் கசிவு, நெஞ்சுவலி, மயக்கம், கடுமையான தலைவலி, ஒழுங்கான இடைவெளியில் வயிற்றுவலி, ஒரு கால் கெண்டைச் சதையில் வீக்கமும் வலியும்... இவற்றில் எது வந்தாலும் உடனே நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். குழந்தையின் அசைவு குறைந்தது போலத் தோன்றினாலும் அப்படியே.

எட்டு மாதம் கடந்ததும் எண்ணெய் மசாஜ்

இதைப் பற்றி நம் வீடுகளில் பேசவே கூச்சப்படுவார்கள். ஆனால், தையலைக் குறைப்பதில் நேரடியாக உதவுவது இதுதான்.

34 அல்லது 35-வது வாரத்திலிருந்து, வாரத்தில் இரண்டு, மூன்று நாள் 5 நிமிடம் போதும். குளித்து முடித்ததும் செய்வது நல்லது. நகத்தை ஒட்ட வெட்டி, கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். தலையணையில் சாய்ந்து உட்கார்ந்து, சுத்தமான தேங்காய் எண்ணெயோ பாதாம் எண்ணெயோ தடவிய கட்டைவிரலைப் பெண்ணுறுப்புக்குள் ஒன்று, ஒன்றரை அங்குலம் மட்டும் வைத்து, ஆசனவாய்ப் பக்கமாக மெதுவாக அழுத்துங்கள். லேசான எரிச்சல் போன்ற இழுப்பு தெரியும். அதில் ஒரு நிமிடம் நிறுத்தி, மூச்சை நிதானமாக விட்டுத் தசையைத் தளர்த்துங்கள். பிறகு இரண்டு பக்கமும் 'ப' எழுத்தின் வடிவில் வருடிவிடுங்கள். மேலே சிறுநீர்த் துவாரப் பக்கம் அழுத்தக் கூடாது. வலித்தால் நிறுத்திவிட வேண்டும். வயிறு எட்டவிடவில்லை என்றால் கணவர் உதவலாம், உங்களுக்குச் சம்மதம் என்றால்.

பயன் எவ்வளவு? பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில், இதைச் செய்யும் பெண்கள் 15 பேரில் ஒருவருக்குத் தையல் போடும் தேவையே வராமல் போகிறது. அந்தப் பலன் முதல் பிரசவக்காரர்களுக்குத்தான். மூன்றாம், நாலாம் வகைக் கிழிசல் இதனால் குறைவதாக அந்த ஆய்வுகளில் தெரியவில்லை. மந்திரம் இல்லைதான். ஆனால், 5 நிமிடத்துக்கும் ஒரு ஸ்பூன் எண்ணெய்க்கும் இது மோசமான பலனா, சொல்லுங்கள்!

வெள்ளைப்படுதலோடு அரிப்பு, தொற்று இருந்தாலோ, ரத்தக் கசிவு இருந்தாலோ, நஞ்சுக்கொடி கீழே இருந்தாலோ, பனிக்குடம் உடைந்துவிட்டாலோ இதைச் செய்யக் கூடாது.

டாக்டரிடம் கேட்க வேண்டிய 4 கேள்விகள்

செக்கப்புக்குப் போகும்போது ஸ்கேன் ரிப்போர்ட்டை நீட்டிவிட்டு, 'எல்லாம் நார்மல்தானே டாக்டர்?' என்று மட்டும் கேட்டுவிட்டு வந்துவிடுகிறோம். எட்டாம் மாதத்தில் இவற்றையும் கேளுங்கள். ஒரு சீட்டில் எழுதிக்கொண்டே போகலாம்.

'முதல் பிரசவம்னா எல்லாருக்குமே வெட்டித் தையல் போடுவீங்களா?' குழந்தை வெளியே வர வழி செய்வதற்காக டாக்டர் வெட்டிவிடுவதை 'எபிஸியாடமி' என்பார்கள். சுகப்பிரசவமாகும் எல்லாப் பெண்களுக்கும் வழக்கமாக இதைச் செய்யத் தேவையில்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2018-ல் சொல்லிவிட்டது. குழந்தையின் நாடித்துடிப்பு இறங்கும்போதும், ஆயுதம் போட வேண்டி வரும்போதும் அது அவசியப்படலாம். அப்போது வேண்டாம் என்று அடம்பிடிக்கக் கூடாது. 'தேவைப்பட்டா மட்டும்தானே டாக்டர்?' என்று கேட்டு வைத்துக்கொள்வதில் தப்பே இல்லை.

'தலை வரும் நேரத்தில் வெதுவெதுப்பான துணி ஒத்தடம் கொடுப்பீங்களா?' பெரினியத்தில் வெந்நீரில் நனைத்த துணியை வைப்பது மூன்றாம், நாலாம் வகைக் கிழிசலைக் குறைக்கிறது. அதே 2018 வழிகாட்டுதல் இதையும் பரிந்துரைக்கிறது.

'ஒருக்களிச்சுப் படுத்தோ, சாய்ந்து உட்கார்ந்தோ பிரசவிக்க முடியுமா?' பல ஆஸ்பத்திரிகளில் மல்லாந்து படுக்க வைப்பதுதான் பழக்கம். கேட்டால் மாற்று உண்டா என்று தெரியும்.

'கூட யார் இருக்கலாம்?' அரசு ஆஸ்பத்திரிகளில் பிரசவ அறையில் துணைக்கு ஒரு பெண்ணை அனுமதிக்க 2016-லேயே மத்திய அரசு முடிவெடுத்தது. பக்கத்தில் தைரியம் சொல்ல ஆள் இருந்தால் ஆயுதப் பிரசவமும் சிசேரியனும் குறைவதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

'முக்கு... முக்கு...' எப்போது?

நர்ஸ் சொல்வதற்கு முன்னால் பதற்றத்தில் முக்க ஆரம்பிக்காதீர்கள். கர்ப்பவாய் முழுசாகத் திறந்த பிறகு, தானாக முக்க வேண்டும் போலத் தோன்றும்போது முக்குவதே பலன் தரும். தலை தெரியத் தொடங்கியதும், சூடான காபியை ஆற்றுவது போல 'உப்... உப்...' என்று ஊதி ஊதி மூச்சு விடுங்கள். அந்த நிமிடத்தில் தலை சட்டென்று வராமல் மெதுவாக வந்தால், தோலும் தசையும் விரிய அவகாசம் கிடைக்கும். இந்த மூச்சையும் வீட்டிலேயே பழகி வையுங்கள். அந்த நேரத்தில் புதிதாக எதையும் கற்க முடியாது!

தையல் போட்ட பிறகு...

எவ்வளவு கவனமாக இருந்தாலும் கிழிசல் வரலாம். அது உங்கள் தப்பில்லை. 'எத்தனாவது வகை, எங்கே தையல்?' என்று கட்டாயம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். டிஸ்சார்ஜ் சீட்டில் எழுதித் தரச் சொல்லுங்கள். பெரிய கிழிசலை அப்போதே கண்டுபிடித்து, ஆபரேஷன் தியேட்டரில் வைத்துச் சரியாகத் தைத்தால் பெரும்பாலானவர்கள் நன்றாகத் தேறிவிடுகிறார்கள். அடுத்த பிரசவத்தின்போதும் இந்தத் தகவல் டாக்டருக்கு அவசியம்.

தண்ணீர் விட்டு முன்னிருந்து பின்னாகக் கழுவி, ஒத்தித் துடையுங்கள். மலச்சிக்கல் வரவே கூடாது. இங்கேதான் நம் பத்தியம் குறுக்கே வருகிறது! 'பிள்ளை பெத்தவ தண்ணி குடிச்சா வயிறு போட்டுரும்' என்று சொட்டுத் தண்ணீர் கொடுக்கமாட்டார்கள் சில வீடுகளில். காய்கறி, பழம் கிடையாது. கேட்டால், 'குழந்தைக்குச் சளி பிடிக்கும்'. விளைவு, முக்கி முக்கித் தையலே பிரியும் நிலைமை. தண்ணீரும், கீரையும், பழமும் தாய்க்குத் தாராளமாகக் கொடுங்கள். வயிற்றில் துணியை இறுக்கிக் கட்டினால் தொப்பை போகாது, அழுத்தம் கீழேதான் இறங்கும்.

வலி பொறுக்கும் அளவுக்கு வந்ததும் கெகல் பயிற்சியை மெதுவாகத் தொடங்கலாம். கர்ப்பத்தின் தொடக்கத்திலிருந்தே இதைச் செய்த பெண்களுக்குக் கடைசி மாதங்களில் சிறுநீர்க் கசிவு ஏற்படுவது 62 சதவீதம் குறைந்ததாக, பல ஆய்வுகளைத் தொகுத்து 2020-ல் வெளியான முடிவு சொல்கிறது. பிரசவமாகி 3 முதல் 6 மாதத்திலும் 29 சதவீதம் குறைவு.

சீழ், துர்நாற்றம், காய்ச்சல், தையல் பிரிதல் இருந்தால் அன்றைக்கே டாக்டரிடம் போங்கள். ஆறு வாரம் கழித்துப் போகும் செக்கப்பில் சிறுநீர்க் கசிவு, வாயுவை அடக்க முடியாமை, அவசரமாக மலம் வருவது, கீழே ஏதோ இறங்கி நிற்பது போன்ற கனம், தாம்பத்தியத்தில் வலி... எது இருந்தாலும் கூச்சப்படாமல் சொல்லுங்கள். டாக்டர் கேட்கும் வரை காத்திருக்காதீர்கள். அவர் கேட்காமலும் போகலாம்.

மாமியார் கேட்கும் ஒரு கேள்வி

'நாங்கள்லாம் எக்சர்சைஸா பண்ணினோம்? ஏழு பெத்தோம், எட்டு பெத்தோம். நல்லாத்தானே இருக்கோம்?'

அந்தக் காலத்தில் ஆட்டுக்கல்லும் அம்மியும் கிணற்றடியும் இருந்தன. தரையில் உட்கார்ந்து எழுந்துதான் எல்லா வேலையும். அதெல்லாம் போய் மிக்ஸியும், டைனிங் டேபிளும் வந்துவிட்ட வீட்டில், உடல் அசைவை நாம்தான் தேடிப் போக வேண்டியிருக்கிறது.

இன்னொரு பக்கமும் உண்டு. அந்தப் பாட்டிகளில் எத்தனையோ பேர் கர்ப்பப்பை இறங்கி, சிறுநீர் கசிந்து, வெளியே சொல்லாமலே காலம் தள்ளினார்கள். 'நல்லாத்தான் இருந்தோம்' என்பதில் வாயை மூடிக்கொண்டு தாங்கிய கஷ்டமும் அடங்கியிருக்கிறது. மாமியாரிடம் பக்குவமாகக் கேட்டுப் பாருங்கள். அவருக்கே ஏதாவது தொல்லை இருந்து, இதுவரை யாரும் கேட்கவில்லை என்பது தெரியவரலாம். கெகல் பயிற்சி அவருக்கும் உதவும்!

திருச்சி வீட்டில் என்ன ஆயிற்று?

தங்கை அடுத்த செக்கப்புக்குச் சீட்டில் கேள்விகளோடு போனாள். கூடவே அக்காவையும் இழுத்துக்கொண்டு போனாள். டாக்டர் அம்மா அக்காவைப் பரிசோதித்துவிட்டு, "நாலு மாசமா ஏம்மா சொல்லலை?" என்றுதான் முதலில் கேட்டார். பிஸியோதெரபிஸ்டிடம் அனுப்பினார். தசையைச் சரியாக இறுக்கக் கற்றுக்கொள்ளவே அக்காவுக்கு இரண்டு வாரம் பிடித்தது. மூன்று மாதத்தில் சிறுநீர்க் கசிவு நன்றாகக் குறைந்தது. வாயுத் தொல்லை முழுசாகப் போகவில்லை. அதற்குத் தனியாக ஸ்கேனும் வைத்தியமும் நடக்கிறது.

தங்கை வளைகாப்புக்குப் பிறகும் அப்பாவோடு தினமும் சாயங்காலம் நடந்தாள். எண்ணெய் மசாஜ் செய்தாள். மூன்று கிலோ பெண் குழந்தை. தையலே இல்லாமல் பிரசவம் நடந்ததா என்றால், இல்லை. இரண்டாம் வகைக் கிழிசல், சின்னத் தையல். "ஆனா எங்கே, எவ்வளவுன்னு டாக்டர் படம் போட்டுக் காட்டினாங்கக்கா" என்று பெருமையாகச் சொன்னாள் தங்கை.

குழந்தைக்குப் பேர் வைக்கும் விழாவுக்கு வீடு நிறையக் கூட்டம். அக்கா முதல் ஆளாக வந்து நின்றாள்.

உங்கள் வீட்டிலும் ஒரு கர்ப்பிணி இருக்கிறாளா? இன்று சாயங்காலம் அவளைக் கூட்டிக்கொண்டு ஒரு பத்து நிமிடம் நடந்துவிட்டு வாருங்கள். வழியில் இதையெல்லாம் பேசுங்கள்.